ஹாங்க் ஓடேயும் ஒற்றை அம்பயர் காலமும்: கேள்வி பதில்

கேள்வி: அந்தக் கால பேஸ்பாலில் ஒரே அம்பயர்தானாமே, எங்கே நிற்பார் சார்?

பதில்: பேஸ்கள், அதாவது ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நிலைகள், காலியாக இருந்தால் கேட்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பின்னால். யாராவது பேஸில் ஏறிவிட்டால் பெரும்பாலும் பந்து எறியும் பிட்சருக்குப் பின்னால் போய்விடுவார். அங்கிருந்து பேஸ்கள் கிட்டத்தில் தெரியும். ஆனால் பந்து, அடிப்பவர் பக்கத்திலுள்ள பிளேட்டின் (ஹோம் என்பதும் இதுதான்; ஓடி வந்து இதைத் தொட்டால் ரன்) ஓரத்தை ஒட்டி வந்ததா, விலகிப் போனதா என்பது தூரத்துப் பார்வைதான். பந்து எல்லைப் பக்கம் பறந்தால் அம்பயரும் அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும். அந்த நொடியில் மூன்றாம் பேஸை மிதிக்காமல் குறுக்கே வெட்டி ஹோமுக்கு ஓடுவது அன்றைய சகஜமான திருட்டு.

கேள்வி: அந்தக் கால அம்பயர் ஹாங்க் ஓடே முன்பு ஆட்டக்காரராக இருந்தவரா?

பதில்: பிட்சர். 1889இல் பட்டம் வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் இருந்தார். பிறகு அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அம்பயராகி 1927 வரை நின்றார். நடுவே 1912இல் சின்சினாட்டி, 1914இல் சிகாகோ கப்ஸ் அணிகளுக்கு மேனேஜர். 1903இல் நடந்த முதல் உலகத் தொடரில் டாமி கானலியும் இவரும்தான் அம்பயர்கள்.

கேள்வி: 1908இல் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் மெர்க்கலை வைத்து வந்த தகராறு என்ன? வெற்றி ரன் வந்த பிறகு அவுட் எப்படி?

பதில்: விதி இதுதான். அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடுவதால், அங்கே நிற்பவர் இரண்டாவதுக்குப் போயே ஆக வேண்டும். அவர் சேருமுன் பந்தோடு அந்த பேஸை மிதித்தால் அவுட். அது மூன்றாவது அவுட் என்றால், ஹோமைத் தொட்ட ரன்னும் செல்லாது.

செப்டம்பர் 4, பிட்ஸ்பர்க்கில் கப்ஸுடன் ஆட்டம். ஓடே தனி ஆள். வெற்றி ரன் விழுந்ததும் முதல் பேஸிலிருந்த பிட்ஸ்பர்க்கின் வாரன் கில் இரண்டாம் பேஸைத் தொடாமல் திரும்பினார். கப்ஸின் ஜானி எவர்ஸ் முறையிட்டார். ஓடே அதைப் பார்க்கவில்லை; ரன் நின்றது.

செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸும் கப்ஸும்; அன்று அம்பயர்கள் இரண்டு பேர். ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். ஜயன்ட்ஸின் பிரிட்வெல் அடித்த பந்தில் வெற்றி ரன் விழ, முதல் பேஸிலிருந்த மெர்க்கல் இரண்டாம் பேஸைத் தொடாமல் திரும்பினார். அந்தப் பந்துக்கு விலகித் தரையில் விழுந்த பேஸ் அம்பயர் எம்ஸ்லி, மெர்க்கலைக் கவனிக்கவில்லை. இம்முறை ஓடே பார்த்துக்கொண்டிருந்தார். அவுட். இரண்டாம் பேஸை மிதித்தபோது எவர்ஸ் கையிலிருந்தது அடித்த அதே பந்துதானா என்ற சர்ச்சை இன்றும் தீரவில்லை.

கேள்வி: மெர்க்கல் முட்டாள்தனமாகத்தானே ஓடினார்?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மைதானத்தில் பாயும். தப்பித்து ஓடுவது அன்றைய வழக்கம். பையனுக்கு வயது 19.

கேள்வி: ஆட்டம் என்னவாயிற்று?

பதில்: சமன். அக்டோபர் 8 மறு ஆட்டத்தில் கப்ஸ் 4-2 என வென்று, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் லீக் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.