மனம் மாறினால் செயல் மாறுமா, செயல் மாறினால் மனம் மாறுமா?

மனப்பான்மை முதலில் மாற வேண்டுமா, நடத்தையா, ஊக்கம் இதில் எங்கே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் நான் படித்தது உளவியல். இப்போது பிழைப்பு, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குப் பால் வெட்டுவதே, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதே, பிடிக்காது. விடியும் முன்னே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் மரமாக நடக்க வேண்டும். வழக்கமாக வெட்டுகிற அண்ணன் நின்றுவிட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை. சரி என்று கத்தியை நானே எடுத்தேன். முதல் மாதம் முழுக்க எரிச்சல்தான். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது. முந்தின வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை நூல் மாதிரி உரித்துவிட்டுச் சாய்வாக ஒரு சீவு. பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டும். ஆறு மாதம் கழித்து, வெட்டு இல்லாத நாளிலும் இருட்டோடு தோட்டத்தில் போய் நிற்கிறேன். யாராவது ரப்பரைக் குறை சொன்னால் கோபம் வருகிறது.

செயலின் பின்னால் மனம் வரும் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் 1959-லேயே காட்டிவிட்டார்கள். மாணவர்களை ஒரு மணி நேரம் படு சலிப்பான வேலை செய்யவிட்டு, அடுத்து வருபவரிடம் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்ல வைத்தார்கள். அதற்குச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். பிறகு விசாரித்தால், அந்த வேலை பிடித்திருந்தது என்று கூடுதலாகச் சொன்னது 1 டாலர்காரர்கள். 20 வாங்கியவனுக்குப் பொய்க்கான காரணம் பையிலேயே இருக்கிறது. 1 வாங்கியவனுக்குச் சொன்னதும் மனசும் முட்டிக்கொள்ளும்; அவன் மனசைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். ரப்பர் ஷீட்டுக்கு நல்ல விலை இருந்திருந்தால் நானும் ‘காசுக்கு வெட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். விலை இருந்த இருப்பில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. (டேரில் பெம் என்ற உளவியலாளர், இதில் மனப்போராட்டமே இல்லை, நம் செயலை வெளியாள் போலப் பார்த்து ‘எனக்கு இது பிடிக்கும் போல’ என்று ஊகிக்கிறோம் என்பார். முன்பு எந்த அபிப்பிராயமும் இல்லாத விஷயத்துக்கு அது பொருந்தும். எனக்கு அபிப்பிராயம் முன்பே இருந்தது: பிடிக்காது!)

எதிர்த் திசையில், மனம் செயலைத் தள்ளுவது, நினைப்பதைவிடக் குறைவு. எங்கள் டீக்கடையில் வருஷா வருஷம் நாலு பேராவது ‘ரப்பரை முறிச்சுப்போட்டு வாழை வைக்கப்போறேன்’ என்பார்கள். மரம் அப்படியே நிற்கிறது. பொய் சொல்கிறார்கள் என்றில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள், நம்மால் முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் ஒன்றைச் செய்யும் எண்ணம் உருவாகிறது என்கிறார் உளவியலாளர் ஐசக் அய்சன். வாழைக்குத் தண்ணீரும் ஆளும் வேண்டும், மாமனார் சம்மதமும் வேண்டும்.

ஊக்கத்தில்தான் நான் சறுக்கினேன். மகள் லீவு நாளில் என்னோடு வந்து ஒட்டுப்பாலை உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வாள். உற்சாகப்படுத்துவதாக நினைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு பேசினேன். இரண்டு வாரம் பறந்து பறந்து பொறுக்கினாள். நான் காசை நிறுத்தியதும் பந்தும் நின்றது. கூப்பிட்டால் ‘எவ்வளவு தருவிய?’ என்கிறாள்.

நான் படித்த பாடம்தான் இது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொடுவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. அதனால் இப்போது அவளிடம் எந்தப் பேரமும் பேசுவதில்லை; சந்தைக்குப் போனால் சும்மா ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வருகிறேன். பந்து இன்னும் பழைய அளவில்தான் கிடக்கிறது.