எழும்பூரிலேயே தங்கணுமா, அண்ணே?

கேள்வியும் பதிலும்: ராமநாதபுரம் சாலைத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்து, சரக்கு எடுக்க மெட்ராஸுக்கு நடையாய் நடந்த கடைக்கார அண்ணன் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'மெட்ராஸில் எங்கே ரூம் போடுவது' என்பதுதான்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான், அம்மா, தம்பி மூணு பேரும் கூடப் போகிறோம். பத்து நாளாவது ஆகுமாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் 'எழும்பூரில் ரூம் போடு, ஸ்டேஷன் பக்கம், வர்றதுக்குப் போறதுக்கு லேசு' என்கிறார்கள். போடலாமா?
*ஒரு வாசகி, பாம்பன்*

வேண்டாம் தங்கச்சி. நம்ம பக்கத்து ஆட்களுக்கு மெட்ராஸ் என்றாலே எழும்பூர்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து போட் மெயில் அங்கேயிருந்துதான் தனுஷ்கோடிக்கு வந்தது. இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று, ஆனாலும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை நாம் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். வண்டியை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, கென்னட் லேனில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். கடைச்சரக்கு எடுக்கப் போனவனுக்கு அது சரி. நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகப்போவது ரெண்டே தடவை, ஆஸ்பத்திரிக்குத் தினமும் நாலு தடவை. எதற்குப் பக்கத்தில் தங்கணும்?

வரைபடத்தில் பார்த்தால் எழும்பூருக்கும் கிரீம்ஸ் ரோட்டுக்கும் ரொம்பத் தூரமில்லை. மெட்ரோவில் போகலாமே என்று தம்பி சொல்வான். எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வேறு லைனுக்கு மாறி, ஆயிரம் விளக்கில் இறங்கி, அப்புறம் நடக்கணும். கையில் சோற்றுப் பாத்திரத்தோடு அம்மா அதைச் செய்ய மாட்டார். ஆட்டோதான் பிடிப்பீர்கள். பத்து நாள் ஆட்டோக் காசைக் கூட்டிப் பார்த்தால், எழும்பூரில் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

கிரீம்ஸ் ரோடு, கிரீம்ஸ் லேன், அதைச் சுற்றியுள்ள சந்துகளில் நோயாளிகளின் வீட்டாருக்கென்றே கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. கல்கத்தாப் பக்கமிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அதிகம் என்பதால் பல போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கும், மிரள வேண்டாம். அவர்களும் நம்மைப் போல மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆட்கள்தான். அதனால் சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் கொடுக்கிற ரூம்கள் அங்கே கிடைக்கும். போனில் பேசும்போதே 'அடுப்பு ரூமுக்குள்ளேயா, மாடியில் எல்லோருக்கும் பொதுவா' என்று கேட்டுவிடுங்கள். பொது அடுப்பென்றால் காலையில் வரிசை நிற்கும், அப்பாவுக்குக் கஞ்சி நேரத்துக்குப் போகாது. மீனுக்குச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் பக்கம்தான். விலை கேட்டால் பாம்பன்காரிக்கு நெஞ்சு வலிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ரூமைப் பார்க்காமல் முன்பணம் முழுசாகக் கட்டாதீர்கள். முதல் ஒரு நாளுக்கு மட்டும் போட்டுவிட்டு, தம்பியை அனுப்பி நாலு இடம் பார்க்கச் சொல்லுங்கள். அவன் பார்க்க வேண்டியது டிவியையும் ஏசியையும் அல்ல. லிஃப்ட் இருக்கிறதா? இருந்தால் கரண்ட் போனாலும் ஓடுமா? ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆன பிறகும், மறுபடி டாக்டரைப் பார்க்கிறவரை அப்பா அந்த ரூமில்தான் இருப்பார். நெஞ்சில் தையலோடு மூணு மாடி ஏற முடியுமா? வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். கட்டில் முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும், தாழ்ந்த கட்டிலிலிருந்து கையை ஊன்றி எழுவதுதான் அவருக்குச் சிரமம். சுடுதண்ணி நாள் முழுக்க வருமா, காலையில் கொஞ்ச நேரம் மட்டுமா என்றும் கேட்கணும்.

இன்னொன்று. ராத்திரி நோயாளியோடு பெரும்பாலும் ஒருத்தரைத்தான் இருக்க விடுவார்கள். ஒருவர் அங்கே, ரெண்டு பேர் ரூமில். அதனால் மூணு கட்டில் ரூம் கேட்டு அதிகம் கொடுக்காதீர்கள். ரெண்டு கட்டிலும் ஒரு எக்ஸ்ட்ரா பெட்டும் போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் கேட்டைத் திறந்துவிட வாட்ச்மேன் இருப்பாரா என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். சில இடங்களில் பூட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

மகள் நிக்காஹுக்குத் துணி எடுக்கப் போகிறோம். பெண்கள் ஆறு பேர், துணைக்கு நான் ஒருத்தன். எங்கள் ஊர்க்காரர்கள் மண்ணடியில்தான் தங்கச் சொல்கிறார்கள், வீட்டுப் பெண்கள் ரங்கநாதன் தெருவிலேயே ரூம் வேண்டும் என்கிறார்கள்.
*ஒரு வாசகர், கீழக்கரை*

பாய், ரெண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. மண்ணடியில் உங்கள் ஊர்க் கடைகளும் தெரிந்த முகங்களும் உண்டு, பள்ளிவாசல் பக்கம், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெண்கள் கண்டிப்பாக ஒரே கடைக்கு மூணு தடவை போவார்கள். முதல் நாள் எடுத்த சேலையை மறுநாள் மாற்ற வேண்டும், அதற்குப் பொருத்தமான பிளவுஸ் துணி தேட வேண்டும், சின்ன மகளுக்கு எடுத்தது அளவு சரியில்லை. ஒவ்வொரு தடவையும் மண்ணடியிலிருந்து வர முடியாது. ரங்கநாதன் தெருவிலேயே தங்கினால் சாயங்காலம் கையில் பையோடு ரூம் வாசலைத் தொடுவதற்குள் மூச்சு முட்டிவிடும், கார் உள்ளே வராது.

தி.நகரில் வெங்கட்நாராயணா சாலைப் பக்கம் பாருங்கள், திருப்பதி தேவஸ்தானக் கோயில் இருக்கிற ரோடு. ஒரு பக்கம் பனகல் பார்க், கடைகள். மறுபக்கம் போனால் அண்ணா சாலை, நந்தனம் மெட்ரோ. நந்தனத்தில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடியிலேயே இறங்கலாம், அங்கேயும் ஸ்டேஷன் இருக்கிறது. துணி வேலையை முடித்துவிட்டு ஒரு நாள் அந்தப் பக்கம் போய் ஊர்க்காரர்களைப் பார்த்து, சீர்ச் சாமானும் வாங்கி, சாப்பிட்டும் வந்துவிடலாம். வாடகை கூடுதலாகத் தெரிந்தால் மேற்கு மாம்பலம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுவரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, கூட்டத்தில் இடிபடாமல் கடைப்பக்கம் இறங்கலாம். ஆனால் மேற்கு மாம்பலத்தில் சைவ ஓட்டல்கள்தான் அதிகம். உங்கள் வீட்டில் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்காரன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். ரூம் கேட்கும்போது தரையில் ரெண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி எல்லாச் சேலையையும் விரித்து, பில்லோடு ஒத்துப்பார்த்து, எது சம்பந்தி வீட்டுக்கு, எது நமக்கு என்று பிரிக்காமல் பெண்களுக்குத் தூக்கம் வராது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற ரூமில் அது நடக்காது. திரும்பும்போது கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவதானால், சாயங்காலம் தி.நகரிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு டிஎன்பிஎஸ்சி ஆபீஸில் சான்றிதழ் சரிபார்ப்பு. நான்தான் கூடப் போகிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மலிவாகக் கிடைக்கும் என்கிறான் அக்கா மகன்.
*ஒரு வாசகர், ஏர்வாடி*

மேன்ஷன் என்பது வேலை தேடுகிற, வேலை பார்க்கிற ஆம்பளைப் பையன்கள் மாச வாடகைக்கு இருக்கிற இடம். பொம்பளைப் பிள்ளையோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

உங்களுக்கு எழும்பூர்தான் சரி. பாம்பன் தங்கச்சியிடம் வேண்டாம் என்றவன் உங்களிடம் போகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், உங்கள் வேலை அந்த லைனில் இருக்கிறது. எழும்பூரில் கடற்கரை போகிற லோக்கல் ரயிலில் ஏறினால் பூங்கா, அதற்கடுத்தது கோட்டை. டிஎன்பிஎஸ்சி ஆபீஸ் கோட்டை ஸ்டேஷனுக்கும் பிராட்வேக்கும் பக்கத்தில். குடும்பங்கள் தங்குகிற லாட்ஜாகப் பாருங்கள். முதல் நாளே போய்விடுங்கள். அன்றைக்கே இறங்கி அன்றைக்கே போகலாம் என்று நினைத்து, வண்டி லேட்டானால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

டிக்கெட் எடுக்கும்போது வண்டி எதுவரை போகிறது என்று பாருங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் தெற்கேயிருந்து போகிற சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 2025இல் பாம்பன் புதுப் பாலத்தோடு விட்ட, பட்டுக்கோட்டை திருவாரூர் வழியாகப் போகிற வண்டியும் தாம்பரம்வரைதான். அங்கே இறங்கினாலும் கவலையில்லை, எழும்பூருக்கும் கோட்டைக்கும் அதே லோக்கல் ரயில்தான்.

ஆப்பில் 1100 ரூபாய் என்று காட்டியது. லாட்ஜ் கவுன்டரில் 'நீங்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டீர்கள்' என்று அரை நாள் வாடகை சேர்த்துக் கேட்டார்கள். இது நியாயமா?
*ஒரு வாசகர், மண்டபம்*

நியாயம் இருக்கட்டும் தம்பி, அது அவர்கள் வழக்கம். மத்தியானம் 12 மணிக்குக் கணக்கு வைக்கிற லாட்ஜ் ஒரு வகை, நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கொடுக்கிற லாட்ஜ் இன்னொரு வகை. நம்ம ஊர் வண்டிகள் ராத்திரி ஓடிக் காலையில் இறக்கிவிடுகிறவை, அதனால் நமக்கு ரெண்டாவது வகைதான் லாபம். ஆப்பில் பதிவு போடுவதற்கு முன் லாட்ஜுக்கே போன் போட்டு '24 மணி நேரச் செக்-அவுட்டா' என்று கேளுங்கள். சில நேரம் அவர்களே ஆப்பைவிடக் குறைத்துச் சொல்வார்கள். குளித்து உடை மாற்ற மட்டும்தான் இடம் வேண்டுமென்றால், ரயில்வே ஓய்வறை பெரிய ஸ்டேஷன்களில் 12 மணி நேரக் கணக்கிலும் கிடைக்கும். கையில் உள்ள டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பரை வைத்து ஐஆர்சிடிசியில் பதிவு செய்ய வேண்டும்.

காட்டிய தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நாள் வாடகை 7500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டு பில் நீட்டினால், பில்லைத் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.