சர்வரில் ஃபைலை மாற்றியும் விண்டோஸ் மெஷினில் பழையதே தெரிவது ஏன்?

சாம்பா (லினக்ஸ் சர்வரின் ஃபோல்டரை விண்டோஸ் மெஷின்களுக்குப் பகிரும் மென்பொருள்) ஷேரில் இருக்கும் ஒரு ஃபைலை லினக்ஸ் சர்வரிலேயே ஸ்கிரிப்ட் வைத்து மாற்றுகிறீர்கள், விண்டோஸில் மூடித் திறந்தாலும் பழையதே வருகிறது என்கிறீர்கள். திருநெல்வேலி டவுனில் ஓர் அரிசிக் கடையில் இதே பாடு நான் பட்டிருக்கிறேன்.

காலையிலேயே கடை அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, அம்பை பதினாறு அரிசிக்கு ராத்திரியே ரேட்டு மாத்தியாச்சுன்னியே, இங்க பழசுதானடே காட்டுது? நாலு மூடை போயிருச்சு." அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால்தான் 'டே' வரும். சர்வரில் பார்த்தால் புது விலை. கல்லாப் பக்க மெஷினில் பழைய விலை.

காரணம் ஓப்லாக். 'இப்போதைக்கு நீ மட்டும்தான், உன் கேஷிலேயே (உன் மெஷினில் வைக்கும் தற்காலிக நகலிலேயே) வைத்துக்கொள்' என்று சாம்பா விண்டோஸுக்குக் கொடுக்கும் அனுமதி அது. சாம்பாவும் விண்டோஸும் பேசிக்கொள்ளும் முறையான எஸ்எம்பியின் புதிய பதிப்புகளில் இதையே லீஸ் என்கிறார்கள். புரோகிராம் ஃபைலை மூடினாலும், திரும்பத் திறப்பார்கள் என்று விண்டோஸ் அதை மூடாமலே வைத்திருக்கும். இன்னொரு விண்டோஸ் மெஷின் வந்தால் சாம்பா அனுமதியைத் திரும்பக் கேட்கும். சர்வருக்குள் ஓடும் ஸ்கிரிப்டோ சாம்பா வழியாக வருவதே இல்லை. சாம்பாவுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் லீஸ். 'கெர்னல் ஓப்லாக்ஸ்' என்ற செட்டிங்கை அந்த ஷேருக்கு 'யெஸ்' ஆக்கினால், சாம்பா கெர்னலிடமே லீஸ் எடுத்துக்கொள்ளும். வேறு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஃபைலைத் திறக்க வந்தால் கெர்னல் அதை வாசலில் நிறுத்திவிட்டு சாம்பாவுக்கு சிக்னல் அனுப்பும். கார், பிசானம் என்று பூவுக்குப் பூ (போகத்துக்குப் போகம்) கணக்குப் போடும் நம்மூர்க் குத்தகை மாதிரி இதற்குத் தவணை கிடையாது. கேட்கும்போது காலி செய்ய வேண்டும், அறுவடையை முடிக்க மட்டும் அவகாசம் உண்டு. இயல்பாக 45 வினாடி.

சரி, யெஸ் ஆக்கினேன். ஆனாலும் பழைய விலை! அன்று ராத்திரி பதினொரு மணி வரை மண்டையை உடைத்தேன். என் ஸ்கிரிப்டில் இருந்தது 'எம்வி' என்ற பெயர் மாற்றும் கட்டளை. அது இருக்கும் ஃபைலில் எழுதுவதில்லை. தனியாக எழுதிய புது ஃபைலுக்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். லீஸ் உடைவது திறக்கும்போதும் ட்ரன்கேட் செய்யும்போதும் (உள்ளே இருப்பதை வெட்டும்போதும்) மட்டும்தான், பெயர் மாற்றினால் உடையாது. கல்லா மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது பெயர் போன பழைய ஃபைலை. புது விலைப்பட்டியலைத் தனியாக உருவாக்கி, 'கேட்' கட்டளை வைத்துப் பழைய ஃபைலுக்குள்ளேயே கொட்டச் செய்ததும் உடனே மாறியது. நீங்களும் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு நஷ்டம் உண்டு. இதை யெஸ் ஆக்கினால், பல மெஷின்கள் சேர்ந்து படிப்பதற்கான கேஷ் அந்த ஷேரில் கிடைக்காது. அதனால் விலை ஃபைலுக்கு மட்டும் தனி ஷேர் போட்டேன்.

அப்புறம் சில ராத்திரி ஸ்கிரிப்ட் அரை நிமிஷம் அப்படியே நிற்கும். கல்லா மெஷின் ஸ்லீப்பில் இருப்பதால் பதில் வராது, அவ்வளவுதான். அவகாசத்தை 5 வினாடியாகக் குறைக்கத் தோன்றும். வேண்டாம், அந்த மெஷின் எழுதிக்கொண்டிருந்ததைச் சர்வருக்கு அனுப்பும் முன்பே கெர்னல் பிடுங்கிவிடும். நான் ஸ்கிரிப்டின் நேரத்தைக் கடை திறந்திருக்கும் ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டேன்.