கேளுங்கள், சொல்கிறேன்: பம்பாயில் பிறந்த கோச்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஆன்சன் டோரன்ஸ் பெயரைச் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து கடிதங்கள். சரி, இந்த முறை முழுக்க அவரேதான்.

கேள்வி: ஒரே பல்கலைக்கழகத்தில் 45 வருடம் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தார் என்றீர்களே, கால்பந்துக்கென்றே பிறந்தவரா? (வாசகர், திண்டுக்கல்)

பிறந்தது நம் பம்பாயில், 1951ல். அப்பா எண்ணெய் கம்பெனி அதிகாரி, ஊர் ஊராக மாற்றல். கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு சுவிட்சர்லாந்தில் பள்ளிப் படிப்பு. அப்புறம் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கால்பந்து ஆடினார். அங்கேயே சட்டம் படிக்கப் போனவரை ஆண்கள் அணியின் கோச்சாக்கினார்கள். அதோடு வக்கீல் கனவு போச்சு.

பெண்கள் அணி அவர் தேடிப் போனதில்லை. கிளப் மாதிரி தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்த மாணவிகள், எங்களையும் பல்கலைக்கழக அணியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டார்கள். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972லேயே வந்துவிட்டது, காலமும் தோதாக இருந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர், நீ போய் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்று டோரன்ஸை அனுப்பினார். பார்த்தார், பிடித்திருந்தது. 1979ல் அணி பிறந்தது, இவரே கோச். 1988 வரை ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டார்.

கேள்வி: நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பையன்களைத் திட்டினால் துடைத்துவிட்டுப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் ரெண்டு நாளைக்கு முகம் கொடுப்பதில்லை. டோரன்ஸ் எப்படிச் சமாளித்தார்? (வாசகி, நாகர்கோவில்)

டீச்சர், உங்கள் தலைவலிதான் அவருக்கும். இரண்டு அணிகளையும் ஒரே காலத்தில் நடத்தியதால் வித்தியாசம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. பாதி ஆட்டத்தில் ஆண்கள் அணியைப் பார்த்துப் பொதுவாகத் திட்டினால், ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைத்தான் சொல்கிறார் என்று நினைப்பான். அதே திட்டைப் பெண்கள் அணியிடம் சொன்னால், ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வாள். ஆகவே கூச்சல் பலிக்காது என்று புரிந்துகொண்டார். (எல்லாப் பெண்களும் இப்படித்தான் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் அக்காவை யாரும் திட்டிப் பார்த்ததில்லை போலும்.)

ஆனால் மென்மையாகப் பேசி ஜெயித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித், பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துக் குறித்துக்கொள்வார். டோரன்ஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து தன் அணியில் இன்னும் தீவிரமாகச் செய்தார். ஒத்தைக்கு ஒத்தை மோதல், ஓட்டம், ஷாட், தலையால் முட்டுவது, எல்லாவற்றுக்கும் வெற்றி தோல்விக் கணக்கு. முதலிடம் யார், கடைசி யார் என்று தரவரிசையைப் போட்டு எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுவார். தோழியைத் தோற்கடிப்பது தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களுக்கு, இங்கே தாராளமாகத் தோற்கடிக்கலாம் என்று அனுமதி கொடுத்த மாதிரி. ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற ஆட்டக்காரி பயிற்சியிலேயே யாரையும் விட்டுவைக்க மாட்டார். கூட ஆடுபவர்கள் முணுமுணுத்தபோது டோரன்ஸ் அவரை அடக்கவில்லை, மற்றவர்களை அவரைப் போல மாற்றப் பார்த்தார்.

நீங்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு வைப்பதைத்தான். "சரியா ஓடலை" என்றால் பிள்ளைக்குக் கோபம் வரும், நோட்டில் இருக்கும் எண்ணோடு யார் சண்டை போடுவது?

கேள்வி: அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் நட்சத்திரம் மியா ஹாமைக் கண்டுபிடித்தவர் இவர்தானாமே? (வாசகர், சேலம்)

டெக்சாஸில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். எது அவள் என்று காட்டாதீர்கள், நானே கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பந்து உருண்ட கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டதாம். மறு வருடம், 15 வயதில், ஹாம் தேசிய அணியில். ஏனென்றால் 1986 முதல் 1994 வரை அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கும் டோரன்ஸ்தான் கோச். 1991ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்றார்கள். அதற்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்கக்கூட ஃபிஃபாவுக்கு மனசு வரவில்லை, ஆட்டமும் வழக்கமான 90 இல்லை, 80 நிமிடம்தான்.

கேள்வி: இத்தனை புகழ்கிறீர்கள், அவர் மேல் வழக்கு இருந்ததை ஏன் சொல்லவில்லை? (வாசகி, கோவை)

நியாயமான கேள்வி. 1998ல் முன்னாள் ஆட்டக்காரிகள் இருவர் வழக்குப் போட்டார்கள். மாணவிகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அணிக்குள் கோச் பேசினார், கேட்டார் என்பது குற்றச்சாட்டு. துன்புறுத்தல் இல்லை என்று அவர் மறுத்தார். பத்து வருடம் இழுத்தது. இருவரோடும் சமரசத்தில்தான் முடிந்தது. 2008ல் அப்படிப்பட்ட பேச்சில் தானும் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். யார் ஆட வேண்டும், யார் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள், பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அப்படிப் பேசினால் அவள் எப்படித் துணிந்து முகம் சுளிப்பாள்? கோப்பைகளை எண்ணும்போது இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். முன்பே சொல்லாதது என் தப்பு.

கேள்வி: மொத்தம் எத்தனை கோப்பை? இப்போது யார் கோச்? (வாசகர், திருச்சி)

22. 1981ல் ஒன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் போட்டி தொடங்கிய 1982லிருந்து 21. அதில் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது. ஆனால் 2012க்குப் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2018, 2019, 2022 மூன்று தடவையும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். 2022ல் இரண்டு கோல் முன்னிலையில் இருந்து, கடைசி நொடிகளில் சமன் ஆகி, கூடுதல் நேரத்தில் கைவிட்டுப் போனது. 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, ஓய்வு என்று அறிவித்துவிட்டார். உதவிக் கோச் டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். டிசம்பரில் அதே அணி வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. நஹாஸை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவர் அணி ஆடும் மைதானத்தின் பெயர் டோரன்ஸ் ஃபீல்ட்.