பயிற்சி ரத்தானால் பணிப்பதிவேட்டை எடுத்து வைத்து உட்காருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அடுத்த மே 31 அன்று எங்களில் நான்கு பேர் ஓய்வு பெறுகிறோம். நால்வரும் 2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள், அதாவது பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர்கள். சேலத்தில் நடக்க இருந்த ஓய்வுக்கு முந்தைய இரண்டு நாள் பயிற்சியை நிதி இல்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். நாங்களே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஒரு சனிக்கிழமை காலை, அலுவலகக் கூட்ட அறை, டீ செலவு, இவ்வளவு போதும். ஓய்வூதியக் கருத்துரு (ஓய்வூதியம் கோரி அனுப்பும் ஆவணங்கள்) அனுப்பிப் பழகிய கண்காணிப்பாளர் ஒருவரை அழையுங்கள். ஓய்வு பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. கணவரையோ மனைவியையோ கட்டாயம் உடன் அழைத்து வாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போகிறவருக்கு எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

“நாங்கள் இலவசமாக வகுப்பு எடுக்கிறோம், சாப்பாடும் எங்கள் பொறுப்பு” என்று காப்பீட்டு முகவர்கள் முன்வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கைக்கு வரும் வாரத்தில் முதலில் வந்து நிற்பவர்களும் அவர்கள்தான். அறுபது வயதில் மொத்தப் பணத்தையும் ஒரே பாலிசியில் போட்டுவிட்டு, அவசரத்துக்கு எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தைப் பணிப்பதிவேட்டுக்கே கொடுங்கள். முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த தேதியும் ஆதார், பான், வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பணிப்பதிவேட்டில் முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது சாதாரணம். அதை இப்போதே சரிசெய்யுங்கள். அடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் பணிச் சரிபார்ப்புப் பதிவு இருக்க வேண்டும். விடுபடுவது பெரும்பாலும் மாறுதல் நடந்த மாதங்களில்தான். ஆத்தூரிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளுக்கும் மேட்டூரில் சேர்ந்த நாளுக்கும் இடையிலான ஆறு நாள் எந்தக் கணக்கிலும் வராமல் கிடக்கும். பழைய அலுவலகத்துக்குப் போய் ஊதியப் பட்டியல் நகலைத் தேடி எடுத்துத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். ஓராண்டுக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் ஊதியமில்லா விடுப்பு ஆணைகளும் ஒட்டப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள்.

ஊதிய நிர்ணயத்தில் பழைய பிழை இருந்தால், ஓய்வூதியத்தைச் சரிபார்த்து அனுமதிக்கும் கணக்காயர் அலுவலகத்துக்குக் கருத்துரு போகும் நேரத்தில் வெளிப்பட்டு, பணிக்கொடையில் பிடித்தம் வரும். ஓய்வு பெற்றவரிடமோ ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவரிடமோ, அவர் தவறில்லாமல் கூடுதலாகக் கொடுத்ததை மீட்கக் கூடாது என்று பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று ஏற்கெனவே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும்.

மீதி ஒரு மணி நேரம் கணக்குக்கு. அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய், முழுப் பணிக்காலம் என்றால் ஓய்வூதியம் 30,000. ஏற்காட்டில் வாங்கும் மலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதில் சேராது; கையில் வருவது சட்டென்று குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கான 10,000 ரூபாயைத் தொகுத்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றால், அதன் ஓராண்டுத் தொகையை அறுபது வயதுக்கு உரிய 8.194-ஆல் பெருக்கி 9,83,280 ரூபாய் கிடைக்கும், வரியும் இல்லை. பதிலுக்கு 15 ஆண்டு மாதம் 10,000 குறையும். மொத்தம் 18 லட்சம். அகவிலைப்படி மட்டும் முழு 30,000-க்கும் கணக்கிடப்படும். இடையில் இறந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியத்தில் இந்தப் பிடித்தம் கிடையாது. வீட்டுக் கடன் பாக்கி இருப்பவர் வாங்கலாம். கடனில்லாதவர், பணத்தை வாங்கி எங்கே போடுவது என்ற முடிவு இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

போடுவதற்கு முதல் இடம் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் காசோலையாகத்தான் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டியே கிடைக்காது. அதனால் மகள் கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணத்தை இதில் சேர்க்காதீர்கள்.

கிளம்புமுன் நால்வரும் வைப்பு நிதி, பணிக்கொடை நியமனப் (நாமினி) படிவங்களைப் புரட்டிப் பாருங்கள். பணியில் சேர்ந்தபோது எழுதிய அம்மாவின் பெயரே பலருக்கு இன்னும் அதில் இருக்கும்.