அம்மம்மாவோடு பார்க்க எந்தப் படம்?

வணக்கம் தங்கச்சி. வெடிச்சத்தம் கேட்டாலே அம்மம்மா எழும்பிப் போய்விடுகிறா, ஆனால் எங்கள் ஆட்களின் கதைதான் வேண்டும் என்கிறா. புதுக்குடியிருப்பு வீட்டில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். 2002இல் வந்த அருமையான படம்தான். மாங்குளத்தில் கல்யாணத்தோடு தொடங்குவதால் ஆசையாக இருந்து பார்ப்பா. ஆனால் குடும்பம் இலங்கைக்கு வந்த பிறகு பூங்காவில் குண்டு வெடிக்கும், கடைசிப் பகுதியில் சூடும் விழும். ரிமோட்டால் ஓட்டிவிடலாம் என்றால், தாயும் மகளும் சந்திக்கிற இடம் அதை ஒட்டியே வருகிறது. அப்புறம், படப்பிடிப்பு இந்தியாவில். எங்கள் முதிரை, பாலை மரங்களை அதில் தேட முடியாது. பிரான்ஸுக்குப் போன எங்கள் ஆட்களின் கதையான 'தீபன்' படத்தின் பக்கம் போகவே வேண்டாம், கடைசிப் பகுதியில் துவக்குச்சூடுதான்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) போடுங்கள். இதிலும் சிம்ரன்தான் அம்மா. பொருளாதார நெருக்கடியில் ராமேஸ்வரத்துக்குப் படகேறிய குடும்பம், சென்னையில் ஊர்ப்பேச்சை மறைத்து வாடகை வீட்டில் இருக்கிறது. அப்பாவாக வரும் சசிகுமாரின் இலங்கைத் தமிழ் இடைக்கிடை சறுக்கும். அம்மம்மா சிரித்துச் சிரித்துத் திருத்துவா, பாருங்கோ. பக்கத்து வீட்டு ஆச்சியின் சாவீட்டை இவர்கள் முன்னின்று நடத்துகிற இடத்தில் கொஞ்சம் அழக்கூடும், அழட்டும். பின்னணியில் ஒரு குண்டுவெடிப்பு விசாரணை ஓடுகிறது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரீவியோடு தனி ஸ்பீக்கர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சின்னச் சத்தமும் அதில் நெஞ்சை அதிர வைக்கும்.