"உங்கள் கடைசி விலை என்ன?" என்று தரகர் கேட்டால்

கேள்வி: வாங்கி வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். "உங்க பட்ஜெட் எவ்வளவு? இன்னொருத்தரும் கேட்கிறார், நாளைக்குள் கடைசி விலையைச் சொல்லுங்க" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். உள்ளதைச் சொன்னால் அந்த விலையிலேயே நின்றுவிடுவாரோ என்று தயக்கம். குறைத்துக் கேட்டால் வீடு கைநழுவிவிடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?

பதில்: பட்ஜெட்டைச் சொல்லாதீர்கள். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விற்பவரிடம் கமிஷன் வாங்குபவர் என்றால், நீங்கள் சொல்லும் தொகையை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலை. "கணக்குப் போட்டு ஒரு விலை சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கை வாடகையிலிருந்து தொடங்குங்கள், அவர்கள் சொல்லும் விலையிலிருந்து வேண்டாம். குடியிருக்க வாங்குபவர் மனசுக்குப் பிடித்ததற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்; உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பேச்சுக்கு, மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,200. ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடக்கும் நாட்கள், வரி, பழுது, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 300 போனால், கையில் நிற்பது 900. போட்ட பணத்துக்கு 6 சதவீதமாவது வர வேண்டும் என்றால், நீங்கள் கொடுக்கக்கூடியது 15,000. பத்திரச் செலவும் தரகும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். வாடகை எவ்வளவு என்பதைத் தரகர் வாய்ச்சொல்லாக ஏற்காமல், இப்போது குடியிருப்பவரின் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பாருங்கள். இந்த உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

தரகரின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். கமிஷன் 2 சதவீதம் என்றால், விலை 15,000-லிருந்து 14,500-க்கு இறங்கினால் விற்பவருக்கு 500 நஷ்டம், தரகருக்கு வெறும் 10. வியாபாரம் முறிந்தாலோ அவருடைய கமிஷன் 300-உம் போய்விடும். ஆகவே விற்பவரிடம் உங்களுக்காக அவரே பேசக்கூடும். அதற்குப் பிடிப்பு கொடுங்கள்: செய்ய வேண்டிய பழுதுகளின் செலவு, அக்கம்பக்கத்தில் உண்மையில் கைமாறிய விலைகள். காரணம் சொல்லாமல் அடிமாட்டு விலை கேட்டால் அவர் அதை எடுத்துச் சொல்லக்கூட மாட்டார்.

'இன்னொருத்தர்' இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் உங்கள் பதில் ஒன்றுதான்: விலையை எழுத்தில் கொடுங்கள், எத்தனை நாள் செல்லும் என்று குறிப்பிடுங்கள், கடன் கிடைப்பதும் ஆவணங்கள் சரியாக இருப்பதும் நிபந்தனை என்று சேருங்கள். விற்பவர் மறுவிலை சொன்னால், நீங்கள் கூட்டிக் கொடுக்கும் தொகையைப் படிப்படியாகச் சுருக்குங்கள்: முதலில் 300, அடுத்து 150, பிறகு 50. எல்லை நெருங்குகிறது என்பது அவருக்கே புரியும்.

விற்பவர் ஏன் விற்கிறார், எத்தனை நாளாக விலைக்கு நிற்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். சீக்கிரம் பணம் தேவைப்படுபவருக்கு, கூடுதல் விலையைவிட விரைவான கிரயம் பெரிதாகப் படும்.

கேள்வி: விலை படிந்தது. உடனே அட்வான்ஸ் கேட்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேண்டாம். வியாபாரம் முறிந்தால் எந்தச் சூழலில் பணம் திரும்பும் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், விற்பவர் பெயருக்கு வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள்.